தந்தை தந்த கொடி

வீடு உள்ளவன் பிள்ளைக்கு வீட்டைத் தருவான். நிலம் உள்ளவன் நிலத்தைத் தருவான். ஏதுமற்றவன் எதைத் தருவான்? கல்கத்தா நகரத்து ஏழைத் தந்தையைக் கேட்டால், "என் கட்சியைத் தந்தேன்" என்பான்.

கட்சி என்றதும் தேர்தலையும் மேடையையும் எண்ணிவிடாதீர்கள்! அவன் சொல்வது கால்பந்துக் கட்சி. பச்சையும் அரக்கும் கொண்டது மோகன் பகான். சிவப்பும் பொன்னும் கொண்டது ஈஸ்ட் பெங்கால். பிள்ளை பந்தை உதைக்கக் கற்குமுன்பே, இரண்டில் ஒரு நிறம் அவன் நெஞ்சில் ஒட்டிக்கொள்கிறது.

"பந்து உருள்கிறது, பார்த்துக் களிக்கிறார்கள், இதிலே என்ன இருக்கிறது?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. இருக்கிறது நண்பர்களே, ஏராளமாக இருக்கிறது!

1911, ஜூலை 29. வெள்ளையர் ஆண்ட காலம். ஐ.எப்.ஏ. கேடயத்துக்கான இறுதி ஆட்டம். ஒரு பக்கம், பூட்ஸ் பூண்ட ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தார். மறுபக்கம், மோகன் பகானின் பதினொருவர். அவர்களிலே ஒருவர் தவிர மற்றப் பதின்மரும் வெறுங்காலர்! முதல் கோலைப் போட்டது பட்டாளம். துவண்டார்களா? இல்லை. சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். இரண்டுக்கு ஒன்று! ஆள்பவனை வெல்ல ஆகாது என்ற அச்சம் அன்று மாலை புழுதியிலே புரண்டது. பார்த்தவன் மகனிடம் சொன்னான். மகன் பேரனிடம் சொன்னான். சரித்திரப் புத்தகம் கைக்கு வருமுன்பே, சரித்திரம் அந்தப் பிள்ளைகளின் காதுக்கு வந்து சேர்ந்தது.

ஈஸ்ட் பெங்கால் பிறந்தது 1920-இல். கீழை வங்கத்தார் ஆட்டக்குழுக்களிலே ஒதுக்கப்படுகிறார்கள் என்ற மனக்குறையிலே முளைத்த கழகம் அது. பிறகு வந்தது 1947. கோடு கிழித்தார்கள்; கோட்டுக்கு அப்பால் நின்றுவிட்டன வீடும் வயலும் ஆறும் தோப்பும். மூட்டையும் முடிச்சுமாக வந்தவர்களிலே எத்தனையோ பேருக்கு சியால்டா ரயில் நிலையமே வீடாயிற்று. ஊரை இழந்தவனுக்கு ஊரின் பெயர் எங்கே மிஞ்சியது? ஒரு கால்பந்துக் கழகத்தின் பெயரிலே மிஞ்சியது! மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனான். "அதோ பார், நம் ஊர் ஆடுகிறது!" என்று காட்டினான்.

அந்த ஊருக்காக ஆடியவர்கள் யார்? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னாட்டினர்! பஞ்ச பாண்டவர் என்று வங்கம் அவர்களைப் போற்றிற்று. 1949, 1950, 1951 என மூன்றாண்டுகள் தொடர்ந்து கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்கே வந்தது. அகதியின் முகத்தில் சிரிப்பை வரவழைத்தவன் அவன் மொழி பேசாதவன், அவன் ஆற்று நீரைக் குடித்து வளராதவன். அன்புக்கு எல்லைக்கோடு ஏது?

வென்ற நாளிலே அடுப்பும் கட்சி பேசும். ஈஸ்ட் பெங்கால் வீட்டிலே உல்லம் மீன். மோகன் பகான் வீட்டிலே இறால். அப்பன் ஒரு கட்சி, அம்மா பிறந்த வீடு மறு கட்சி என்றால், பிள்ளை பாடு கொண்டாட்டம். எது வென்றாலும் மீன் உண்டு!

இனிப்பை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. 1980, ஆகஸ்ட் 16. ஈடன் தோட்ட மைதானத்தில் இந்த இரு குழுக்களும் ஆடின. பார்வையாளரிடையே கலவரம், நெரிசல். 16 உயிர்கள் போயின. ஆட்டம் பார்க்கப் போன மகன் வீடு திரும்பவில்லை. இரவெல்லாம் வாசலில் நின்ற தாய்க்கு எந்தக் கோல் ஆறுதல் சொல்லும்? தந்தை தந்த பற்று வெறியாகிவிட்டால், அது பிள்ளையையே பலி கேட்கும். கொல்கத்தா அதை உணர்ந்தது. மாண்டவர் நினைவாக அந்நாளில் இரத்ததானம் செய்யும் வழக்கம் வந்தது. சிந்திய இரத்தத்துக்கு ஈடாகாதுதான். ஆனால், கொடுக்கும் இரத்தத்துக்குக் கட்சி நிறம் இல்லை என்பதைப் பிள்ளைகள் கண்டார்கள்.

கண்டது வீண்போகவில்லை. 2024, ஆகஸ்ட் 9 அன்று, அந்நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவரான இளம்பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். ஊர் கொதித்தது. ஆகஸ்ட் 18-இல் நடக்கவிருந்த இரு குழுக்களின் ஆட்டத்தை, பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். ஆட்டம் நின்றது, ஆனால் கூட்டம் நிற்கவில்லை! சால்ட் லேக் மைதானத்தருகே சிவப்பும் பொன்னும் வந்தது. பச்சையும் அரக்கும் வந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் வந்தார்கள். பெண்களும் வந்தார்கள். நூறாண்டாக எதிரெதிரே நின்றவர்கள் அன்று பக்கத்தில் பக்கத்தில் நின்று கேட்டது ஒன்றே ஒன்று: நீதி! தடியடி விழுந்தது. தடி, முதுகின் நிறம் பார்த்து விழவில்லை.

அந்தக் கூட்டத்திலே நின்ற இளைஞனின் சட்டை யார் தந்தது? தந்தை தந்தது. பக்கத்தில் நின்ற எதிர்க்கட்சிக்காரனின் கையைப் பற்றிக்கொண்ட துணிவு? அது அவனே தேடிக்கொண்டது. பெற்றதோடு தேடியதும் சேர்ந்தால்தான் பரம்பரைச் சொத்து வளரும்.

பெற்றோரே! பிள்ளையைத் தோளில் ஏற்றுங்கள், ஆட்டம் காட்டுங்கள், உங்கள் கட்சியின் கதையைச் சொல்லுங்கள். கொடியைக் கொடுங்கள், பகையைக் கொடுக்காதீர்கள்!