ஏதென்ஸில் மீன்கொத்தி நாட்கள்

ஜனவரியில் ஏதென்ஸ் நகரத்து நடைபாதை மரங்களெல்லாம் காய்த்துப் பழுத்து நிற்கும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறப் பழங்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். பல உதிர்ந்து, காரின் சக்கரம் ஏறி நசுங்கி, லேசான கசப்பு மணம் தெருவில் பரவியிருக்கும். ஆசையாகப் பறித்துக் கடித்தால் முகம் சுளித்துப்போகும்; அத்தனை புளிப்பு, அத்தனை கசப்பு. ஊர்க்காரர்கள் அதை அப்படியே தின்பதில்லை. தோலைச் சீவிச் சுருட்டி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குச் சின்னத் தட்டில் ஒரு கரண்டி வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பழத்துக்கு அங்கே ‘நெராந்ஸி’ என்று பெயர். நம் நாரத்தையின் பெயருக்கு அது உறவு. வடமொழியில் நாரங்கம், பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச் என்று மாறி மாறி கிரேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்த சொல். அதன் ஆதிவேர் திராவிட மொழிகளில் இருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து.

கோடையில் ஏதென்ஸுக்குப் போகிறவர்கள் இந்தப் பழத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் பெரும்பாலோர் போவது கோடையில்தான். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. நிழலே இல்லாத பாறை மேல் இருக்கிறது அக்ரோபொலிஸ் என்ற பழங்காலக் கோயில் வளாகம். 2023 ஜூலையில் அனல்காற்று வீசியபோது நடுப்பகலில் அந்த இடத்தையே மூட வேண்டியதாயிற்று; 2024 ஜூனில் மறுபடியும் அதே நிலை. நெரிசல் தாங்காமல் 2023 செப்டம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, மணிக்கணக்குப்படி நுழைவுச்சீட்டு கொடுக்கிறார்கள். இதே ஊரில் ஜனவரி பகலில் 13 டிகிரி, இரவில் 7 டிகிரி. ஒரு ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத ஒரு கோட்டு, இவ்வளவு போதும். நாள் முழுக்க நடக்கலாம், வியர்க்காது.

மழை வராதா என்றால், வரும். நவம்பரும் டிசம்பரும்தான் அங்கே மழை மிகுந்த மாதங்கள். ஆனாலும் ஏதென்ஸில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 400 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பனி விழுவது அரிது. 2021 பிப்ரவரியிலும் 2022 ஜனவரியிலும் அக்ரோபொலிஸின் பார்த்தெனான் கோயில் வெண்பனியில் நின்ற படங்கள் உலகமெங்கும் சுற்றியதற்குக் காரணமே அந்த அரிய தன்மைதான்.

குளிருக்கு நடுவே, பெரும்பாலும் ஜனவரியின் பிற்பாதியில், காற்று அடங்கி வானம் துல்லியமான நீலத்துக்கு மாறும் சில நாட்கள் வரும். கிரேக்கர்கள் அவற்றை ‘அல்கியோனிதெஸ்’ நாட்கள் என்கிறார்கள். மீன்கொத்தி நாட்கள் என்று சொல்லலாம். காற்றுகளுக்கு அதிபதியான ஏயோலஸின் மகள் அல்கியோனி. கணவன் கடலில் மூழ்கி இறந்ததும் அவளும் கடலில் விழுந்தாள். தேவர்கள் இரங்கி இருவரையும் மீன்கொத்திகளாக்கினார்கள். நடுக்குளிர்காலத்தில் அவள் கரையில் இட்ட முட்டைகளை அலை வந்து அடித்துக்கொண்டு போக, அவை பொரியும்வரை காற்று அடங்கியிருக்கட்டும் என்று பதினான்கு நாள் வரம் கிடைத்ததாம். அந்தப் பருவத்தில் உயர் அழுத்தம் வந்து தங்குவதுதான் காரணம் என்று வானிலைக்காரர்கள் விளக்குவார்கள். எது காரணமானாலும், அப்படி ஒரு பகலில் உணவகங்கள் மேசைகளைத் திரும்ப வெளியே எடுத்துப் போடும். ஊரே வெயில் காயும்.

ஆகவே எந்த வாரம் போவது என்ற கேள்விக்கு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய என்பதே நல்ல பதில். கிறிஸ்துமஸ் வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. டிசம்பர் 25, 26, ஜனவரி 1 ஆகிய நாட்களில் தொல்லியல் இடங்கள் மூடியிருக்கும். ஐந்து நாள் பயணத்தில் இரண்டு நாளை இப்படிக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? விழா ஒன்றைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் ஜனவரி 6-ஐக் குறிவைக்கலாம். அன்று பைரியஸ் துறைமுகத்தில் பாதிரியார் சிலுவையைத் தண்ணீரில் வீச, இளைஞர்கள் அந்தக் குளிரிலும் பாய்ந்து நீந்தி எடுப்பார்கள். பிப்ரவரி அல்லது மார்ச்சில், தவக்காலம் தொடங்கும் ‘சுத்தத் திங்கள்’ அன்று அக்ரோபொலிஸுக்கு எதிரே உள்ள ஃபிலோபப்பு குன்றில் குடும்பம் குடும்பமாய்ப் பட்டம் விடுவார்கள். பிப்ரவரிக்குள் அந்தக் குன்றுச் சரிவுகளில் வாதுமை மரங்கள் பூத்துவிடும். கோடையில் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும் அதே சரிவுகள் அப்போது பச்சைப் பசேலென்று இருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசின் தொல்லியல் இடங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் கட்டணம் கிடையாது. அன்று காலை எட்டு மணிக்கு அக்ரோபொலிஸ் ஏறி இறங்கிவிட்டு, பதினொரு மணிக்கு நாடாளுமன்றத்துக்கு எதிரே சின்டாக்மா சதுக்கத்துக்கு வந்தால், காவல் வீரர்கள் அணிவகுத்து மாறும் விழாவையும் பார்த்துவிடலாம். சாதாரண நாட்களில் குளிர்கால நீலச் சீருடையில் நிற்கும் அந்த வீரர்கள், ஞாயிறு விழாவுக்கு 400 மடிப்பு கொண்ட வெள்ளைப் பாவாடை அணிந்து வருவார்கள்.

குளிர்காலப் பயணத்தைத் திட்டமிடுகிறவர் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது பார்க்கும் இடங்களின் பட்டியலை விட, சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும்தான். ஜனவரியில் ஏதென்ஸில் சூரியன் சுமார் 7.40-க்கு உதித்து, ஐந்தரை வாக்கில் மறைந்துவிடும். கோடையில் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் அக்ரோபொலிஸ் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே மூடப்படும். சில சிறிய இடங்கள் பிற்பகல் மூன்றரைக்கே கதவைச் சாத்திவிடும். எனவே வெளிச்சம் இருக்கும்போது திறந்தவெளி, மங்கத் தொடங்கியதும் அருங்காட்சியகம், இருட்டியபின் சாப்பாடும் இசையும் என்று நாளை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் ஒன்றும் தவறிப்போகாது. மழை பெய்தால் முதல் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதில் ஓர் அனுகூலமும் உண்டு. ஏதென்ஸ் நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்தங்கியது. முதல் சில நாட்கள் எப்படியும் விடியுமுன்னே விழிப்புத் தட்டிவிடும். எட்டு மணிக்கு வாசலில் முதல் ஆளாக நிற்பது கஷ்டமே இல்லை.

அப்படி முதல் ஆளாக ஏறியவருக்குப் பார்த்தெனான் வேறு நிறத்தில் தெரியும். கி.மு. 447-இல் தொடங்கி 438-க்குள் கட்டி எழுப்பப்பட்ட கோயில் அது. 1687-இல் துருக்கியர் உள்ளே வெடிமருந்து சேமித்து வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. நிற்கும் தூண்களெல்லாம் அருகிலுள்ள பென்டெலி மலையின் சலவைக்கல். அந்தக் கல்லில் சிறிதளவு இரும்பு கலந்திருப்பதால், நூற்றாண்டுகள் காற்றில் நின்று தேன் நிறம் ஏறியிருக்கிறது. உச்சி வெயிலில் அந்த நிறம் வெளுத்துக் கண்ணைக் கூசவைக்கும். குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே நகர்வதால் வெளிச்சம் பக்கவாட்டில் வந்து விழும்; தூணில் செதுக்கிய நெடுங்கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிழல் பிடித்து நிற்கும். கிட்டே போய்ப் பார்த்தால் கல்லின் பரப்பில் சர்க்கரைப் பரல் போன்ற மணிகள் மின்னும். கண்ணுக்கு அழகு; ஆனால் காலுக்குக் கீழே ஆபத்து. கோடிக்கணக்கான பாதங்கள் பட்டு வழவழத்துப்போன பாறை, மழை பட்டால் சோப்பு போட்ட தரை மாதிரி வழுக்கும். கீழே நகரத்து நடைபாதைகளிலும் இதே கதைதான். ரப்பர் அடிப்பாகம் ஆழமாக வெட்டப்பட்ட காலணி, குடையைவிட முக்கியம்.

பாறைக்கு அடிவாரத்தில் அக்ரோபொலிஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, 2009-இல் திறக்கப்பட்டது. அதன் மேல்தளம் முழுக்கக் கண்ணாடி. பார்த்தெனான் எந்தத் திசை பார்த்து நிற்கிறதோ அதே திசையில், அதே அளவில் அந்தத் தளத்தை அமைத்து, கோயிலைச் சுற்றி ஓடிய சிற்பப் பட்டையை அந்தந்த வரிசையில் பொருத்தியிருக்கிறார்கள். தேன் நிறக் கல்லுக்கு நடுநடுவே வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர் அச்சுகள் வரும். பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டு போய், இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பகுதிகளின் நகல்கள் அவை. மூலம் எங்கே, நகல் எங்கே என்று எந்தப் பலகையும் சொல்ல வேண்டியதில்லை, நிறமே சொல்லிவிடும். வெள்ளிக்கிழமைகளில் இரவு பத்து மணி வரை திறந்திருப்பதால், இருட்டியபின் விளக்கொளியில் மலைமேல் கோயிலையும் அதன் சிற்பங்களையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குத் தனியாக அரை நாள் வேண்டும். 1901-இல் கடலடிக் கப்பல் சிதைவிலிருந்து எடுத்த பல்சக்கர வான்கணிப்புக் கருவியான ஆன்டிகிதேரா இயந்திரம் அங்கேதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். காலையில் போய் ஏமாறக் கூடாது.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குக் குளிர்கால ஏதென்ஸ் தாராளமாகவே படியளக்கும். கிரேக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் நவம்பர் 15 முதல் கிறிஸ்துமஸ் வரை நாற்பது நாளும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் இறைச்சி, முட்டை, பால் விலக்கி நோன்பிருப்பது வழக்கம். அந்த நோன்புச் சமையலுக்கு ‘நிஸ்தீசிமோ’ என்று பெயர். அந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டு போனால் உணவகத்தில் பாதி வேலை முடிந்தது. வெள்ளைப் பயறும் தக்காளியும் கேரட்டும் ஆலிவ் எண்ணெயில் வெந்த ‘ஃபசோலாதா’ சூப், மஞ்சள் பருப்பை மசித்துப் பச்சை வெங்காயம் தூவிய ‘ஃபாவா’, வேகவைத்த காட்டுக்கீரையில் எலுமிச்சை பிழிந்த ‘ஹோர்தா’ எல்லாம் குளிர்காலத்தில் எந்தச் சாதாரணக் கடையிலும் சுடச்சுடக் கிடைக்கும். ஃபாவா நம் பருப்பு மசியலேதான். தாளிப்பு மட்டும் இல்லை. ஒரு எச்சரிக்கை: இறாலும் ஆக்டோபஸும் ரத்தமில்லாதவை என்று கருதப்படுவதால் நோன்பில் அவற்றுக்கு அனுமதி உண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். தெருவோரத்தில் கஷ்கொட்டை வறுக்கும் வாடை மூக்கைத் துளைக்கும். ஆர்க்கிட் கிழங்கு மாவில் காய்ச்சிய ‘சலேபி’ என்ற கெட்டியான சூடு பானமும் குளிருக்கே உரியது.

இரவு நேரம் ரெபெடிகோ பாட்டுக்கு. 1922-இல் ஆசியா மைனரிலிருந்து விரட்டப்பட்ட கிரேக்க அகதிகள் பைரியஸ் துறைமுகக் குடிசைகளுக்குச் சுமந்து வந்த துயரத்தில் ஊறிய இசை அது. 2017-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. சின்னக் கடையொன்றில், புஸூகி என்ற நரம்பிசைக் கருவியை வாசிப்பவர் மேடை ஏறாமல் மேசையைச் சுற்றி மற்றவர்களோடு உட்கார்ந்தே வாசிப்பார். பத்து மணிக்கு மேல்தான் களைகட்டும். பக்கத்து மேசைக்காரர்கள் ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள். பாட்டு வரிகள் எல்லோருக்கும் மனப்பாடம்.

தீவுகளுக்கு மட்டும் இந்தப் பயணத்தில் ஆசைப்படாமல் இருப்பது நல்லது. குளிர்காலத்தில் சாண்டோரினி போன்ற இடங்களில் பல விடுதிகள் மூடியிருக்கும். கப்பல்கள் குறைவு, பலத்த காற்று வந்தால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள், விமானத்தைத் தவறவிட நேரும். கடல் ஆசை தீர பைரியஸிலிருந்து சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேரும் ஏஜினா தீவே போதும்.

விசா வேலையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். பிப்ரவரிப் பயணத்துக்கு அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடுவது நிம்மதி. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயில் சுமார் நாற்பது நிமிடத்தில் சின்டாக்மாவில் இறக்கிவிடும், 9 யூரோ. தங்குவதற்கு அக்ரோபொலிஸின் தெற்கே உள்ள கூகாகி பகுதி வசதியானது, எல்லாம் நடை தூரம். அறை வாடகை கோடையைவிடக் குறைவு; இரவுக்கு இவ்வளவு என்று அரசு வாங்கும் தங்கும் வரியும் நவம்பர் முதல் மார்ச் வரை வெகு குறைவு. விடுதிக்குப் பதில் அடுக்குமாடி வீடு எடுக்கிறவர்கள் ஒன்றைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பழைய கட்டடங்களில் சூடேற்றும் குழாய்கள் குடியிருப்போர் முடிவுசெய்த சில மணி நேரம் மட்டுமே ஓடும். அறையில் தனியாக ஏசி ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டினால், ராத்திரி விறைக்க வேண்டியதுதான்.

கடைசி நாளை சூனியன் முனைக்கு வைத்துக்கொள்ளலாம். நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். கடற்கரையை ஒட்டியே ஓடும் பேருந்தில் இரண்டு மணி நேரம். செங்குத்துப் பாறையின் விளிம்பில் கடல் தெய்வமான பொசெய்டனின் கோயில் நிற்கிறது. இதன் சலவைக்கல் பக்கத்து அக்ரிலேசா பள்ளத்தாக்கில் வெட்டியது. அதில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம். அதனால் பார்த்தெனான்போல் நிறம் ஏறாமல் இன்றும் வெள்ளையாகவே இருக்கிறது. ஜூனில் இங்கே சூரியன் மறைவதைப் பார்க்க இரவு ஒன்பது மணிவரை காத்திருக்க வேண்டும். ஜனவரியில் ஐந்தரை வாக்கில் கடலில் இறங்கிவிடும், எட்டு மணிக்கு ஏதென்ஸில் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிவிடலாம். குளிர்காலத்தில் பேருந்துகள் குறைவு என்பதால், போய் இறங்கும்போதே திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.