தீட்டுமரமும் தோல்வாரும்

"தீட்டின மரத்திலேயே கூர் பார்த்தான்" என்னும் பழமொழிக்குப் பொருள் கேட்டால், உதவியவருக்கே கேடு செய்தவன் என்று நம் மாணவர் தயங்காமல் எழுதிவிடுவர். மரத்தில் கத்தியைத் தீட்டுவது எங்ஙனம் என்று அடுத்த வினாவை எழுப்பினால் விடை வருவது அரிது. கெடா மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இவ்விடர் சற்று மிகுதி. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களின் வழக்கில், உளியைத் தீட்டுவது கல்லில். அதன் கூர் தெரிவது பால்மரத்தில். ஆகவே பழமொழியில் வரும் மரத்தையும் உயிருள்ள மரமாகவே கொண்டுவிடுவது எளிது. உதவி செய்த மரத்தை வெட்டினான் என்று பொருள் கூறின் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பொருந்தாது.

பழமொழி சுட்டுவது தீட்டுமரம் என்னும் பலகையை. தமிழ்நாட்டுப் பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை இத்தகைய பலகையில்தான் தீட்டி வந்தனர். வெண்கல்லை நுண்பொடியாக்கிப் பலகையில் தூவி, அதன்மேல் அரிவாளை இழுப்பர். தேய்ப்பது மரம் அன்று, பொடியே தேய்க்கிறது. மரம் மென்மையாதலின் பொடியின் மணிகள் அதில் பாதி புதைந்து நிற்கின்றன. எனவே அவை எஃகை ஆழக் கீறாமல் மெல்லத் தேய்க்கின்றன. அப்பலகையையே வெட்டிக் கூர் பார்த்தால், அடுத்த முறை தீட்டுவதற்குச் சமதளம் இராது. பழமொழியின் முழுப் பொருளும் இந்தச் செய்முறையில் அடங்கியிருக்கிறது.

முடிதிருத்தும் கடையில் தொங்கிய தோல்வாரும் இவ்வினத்ததே. அதனை விளக்குமுன் சொற்களைச் சற்று நோக்குதல் நலம். சாணை என்பது வடசொல் வழி வந்தது. அரம் நம் பழஞ்சொல். கூர்மைக்கு உவமையாகத் திருக்குறளின் பண்புடைமை அதிகாரத்தில் வருகிறது. தீட்டு என்னும் வினையோ வியப்புக்குரியது. கத்தியைத் தீட்டுகிறோம், அரிசியைத் தீட்டுகிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம், ஓவியமும் தீட்டுகிறோம். அறிவையும் தீட்டச் சொல்கிறோம். மலாய் மொழியில் தீட்டுக்கல்லுக்கு 'பத்து ஆசா' என்று பெயர். அந்த 'ஆசா' என்னும் வினையும் கத்தியிலிருந்து அறிவுக்குத் தாவியிருப்பதை இருமொழியும் கற்பிக்கும் ஆசிரியர் மாணவருக்குக் காட்டலாம். 'பத்து' என்றால் கல். பீடோங்கை அடுத்த சுங்கை பத்து கல்லாறு என்னும் பொருளுடையது. பழங்காலத்தில் இரும்பு உருக்கிய உலைக்களங்கள் அகழாய்வில் வெளிப்பட்டதும் அவ்விடத்திலேதான். கடாரத்துக்கும் இரும்புக்கும் உள்ள உறவு தோட்டங்களுக்கு மிக முந்தியது.

இனிச் சவரக்கத்தி. மடக்கி விரிக்கும் பழைய கத்தியின் முதுகு தடித்தும் வாய் மெலிந்தும் இருக்கும். அத்தடிப்பு உறுதிக்காக மட்டும் அமைந்ததன்று. தீட்டும் கோணத்தை வகுப்பதும் அதுவே. முதுகையும் வாயையும் ஒருசேரக் கல்லில் படுக்கவைத்துத் தீட்டினால் கோணம் தானே அமைந்துவிடும். முதுகு 5 மில்லிமீட்டர் தடிப்பும் கத்தி 18 மில்லிமீட்டர் அகலமும் உடையதாயின், இருபுறமும் சேர்ந்த கோணம் ஏறத்தாழ 16 பாகை. சமையல் கத்தியைப் போல் முதுகைத் தூக்கிப் பிடித்துத் தீட்டுவோர் கத்தியைக் கெடுத்துவிடுவர்.

கல்லில் மூன்று படிகள் உண்டு. வாயின் சரிவை அமைக்க 1000 எண் கொண்ட கல். அதன் கீறல்களை மாற்ற 4000 அல்லது 5000. மெருகிட 8000 அல்லது அதற்கு மேல். எண் ஏறஏற மணி சிறுக்கும். சப்பானிய அளவையில் 1000 எண் கல்லின் மணி ஏறத்தாழ 12 மைக்ரானும், 8000 எண் கல்லின் மணி ஏறத்தாழ 1 மைக்ரானும் ஆகும். தலைமயிரின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரான் வரை என்பதை நினைத்தால் இதன் நுண்மை விளங்கும். எல்லா நாட்டாரும் எண்ணை ஒரே முறையில் இடுவதில்லையாதலின், எண்ணை மட்டும் நம்பி வாங்குதல் கூடாது.

இயற்கைக் கற்களுள் பெயர் பெற்றவை பெல்சியத்தின் வீல்சாம் பகுதியில் கிடைக்கும் மஞ்சட்கல், சப்பானின் கியோத்தோ மலைக்கல், செருமனியின் தூரிங்கியக் கல், அமெரிக்காவின் ஆர்க்கன்சா கல் ஆகியவை. பெல்சியக் கல்லின் திறம் அதில் நிறைந்துள்ள நுண்ணிய கார்னெட் மணிகளால் வருவது. நல்ல படலம் மெல்லியதாகையால் அதன் அடியில் வேறு கல்லை ஒட்டி விற்பதும் உண்டு. ஈரடுக்காக இருப்பது கண்டு போலி என்று ஒதுக்கிவிடலாகாது. செயற்கைக் கல்லின் காலம் 1890களில் அமெரிக்கர் எட்வர்டு ஆச்சிசன் கார்போரண்டம் என்னும் சிலிக்கன் கார்பைடைச் செய்ததிலிருந்து தொடங்குகிறது. இரும்புக் கடைகளில் இருநிறத்தில் கிடைக்கும் மலிவான கல் பாராங்குக்கும் சமையல் கத்திக்கும் ஏற்றது; முகத்தில் படும் கத்திக்கு அது மிகவும் சொரசொரப்பானது. சுழலும் சாணைச் சக்கரத்திலும் சவரக்கத்தியைக் காட்டலாகாது. மெல்லிய வாய் நொடியில் சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும்.

கல்லில் வாய் முன்னே செல்ல வேண்டும். தோலில் முதுகு முன்னே செல்ல வேண்டும். இதனை மாற்றியவன் தோல்வாரை அறுத்துக்கொள்வான். ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் கத்தியை முதுகின்மேல் உருட்டித் திருப்புவதே முறை; தூக்கித் திருப்பினால் வாய் மடங்கும். வார் தொய்ந்திருப்பதும் குற்றமே. தொய்ந்த தோல் வாயைச் சுற்றி மேலெழுந்து, கல்லில் பெற்ற கூரை மழுக்கிவிடும்.

தோல்வாரைத் தேர்வு செய்வோர் முதலில் அகலத்தைப் பார்க்கட்டும். மூன்று அங்குல அகலமாயின் கத்தியின் முழு வாயும் ஒருசேரப் படியும். குறைந்ததாயின் சாய்த்து இழுத்துப் பழக வேண்டும். மாட்டுத்தோல் போதுமானது, குதிரைத்தோல் இன்னும் வழுவழுப்பானது, விலையும் மிகுந்தது. மடிப்போ தழும்போ உள்ள தோல் எவ்விலைக்கும் வேண்டா. பெரும்பாலான வார்களில் தோலோடு சணல் அல்லது பருத்தித் துணிப்பட்டையும் இணைந்திருக்கும். முதலில் துணி, பிறகு தோல். பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடுப் பசையைத் தடவுவதாயின் அதற்கெனத் தனித் தோல் வைத்துக்கொள்ளல் வேண்டும். பசை பூசிய தோல் தீட்டுமரத்தின் வேலையைச் செய்கிறது. வெறுந்தோல் விளிம்பை நிமிர்த்தி மெருகிடுகிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பசையைக் கண்ட இடத்தில் தடவுவதுதான் புதியோர் செய்யும் பெருந்தவறு.

எஃகைவிட மயிர் எத்துணையோ மெல்லியது. அவ்வாறிருக்க, கத்தி மழுங்குவது ஏன்? அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் 2020இல் 'சயன்ஸ்' இதழில் இதற்கு விடை வெளியிட்டனர். மயிர் வளைந்து சாய்வாகப் படும்போது, எஃகின் உள்ளமைப்பு சீரற்ற இடங்களில் விளிம்பு சில்லுசில்லாக உதிர்கிறது. வளைந்த விளிம்பைத் தோல்வார் நிமிர்த்தும். உதிர்ந்த விளிம்பைக் கல்தான் சரிசெய்யும். நாள்தோறும் வார், இடையிடையே கல் என்னும் பழைய தொழில்முறைக்கு இதனால் நல்ல காரணம் கிடைக்கிறது.

நம் நாட்டு ஈரக்காற்று மற்றொரு பகை. சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவாவிடின் நுண்ணிய வாயில் துரு ஏறும். மூடிய பெட்டியில் வைத்த தோலில் பூஞ்சணம் பிடிக்கும்.

தோட்டத்து உளிக்கும் இத்தனை நுணுக்கம் வேண்டுமா எனின், வேறு வகையில் வேண்டும். 1890களில் சிங்கப்பூரில் ரிட்லி வகுத்த முறைப்படி பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கின்றனர். பால்குழாய்கள் செறிந்திருப்பது உட்பட்டையில். அதற்கும் உள்ளே பட்டையை வளர்க்கும் படலம் இருக்கிறது. மழுங்கிய உளிக்கு அழுத்தம் மிகுதியாக வேண்டும். அழுத்தினால் கை தவறி அப்படலம் காயமுறும். ஆறிய இடம் முடிச்சிட்டு, மறுமுறை சீவ உதவாது போகும். காயம் மரத்துக்கென்றாலும் ஏச்சு தொழிலாளிக்கே. உளியின் வாய் மடிந்திருப்பதால் அதன் உட்புறத்திற்கு ஒடுக்கமான கல் வேண்டும்.

பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. கடைகளிலும் ஒவ்வொருவருக்கும் புது அலகு மாற்றும் கத்தியே வழக்கமாகிவிட்டது. குருதிவழி பரவும் நோய்களை எண்ணினால் இது வேண்டற்பாலதே. வாரைப் போற்றுவோர் இதனைக் குறைகூற இடமில்லை. ஒருவரே பயன்படுத்தும் வீட்டுக் கத்திக்குத்தான் இனி வார் தகும். ஆனால் அடைப்பம், வார், தீட்டுக்கல் என்னும் சொற்கள் பொருளோடு சேர்ந்து மறைகின்றன. முடிதிருத்தும் நிலையங்களுக்கு அயல்நாட்டுத் தொழிலாளரை எடுப்பது 2009இல் நிறுத்தப்பட்டு 2023இல் மீண்டும் இசைவு பெற்றது. ஆளே கிடைக்காத தொழிலில் சொல்லை யார் காப்பது? அலோர் ஸ்டாரிலோ கூலிமிலோ பழைய கடை ஒன்றிருப்பின், ஆசிரியர்கள் மாணவரை அழைத்துச் சென்று அப்பொருள்களுக்கு அங்கு வழங்கும் பெயர்களைக் கேட்டெழுதச் செய்யலாம்.

அங்கே பழைய கல் கிடைத்து வாங்க விரும்பினால், அதன்மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய உப்புத்தாளின்மேல் நீர் விட்டுச் சற்றே தேய்த்துப் பார்க்க. ஓரத்துக் கோடுகள் அழிந்து நடுக்கோடு நின்றால், நடுவில் குழி விழுந்திருக்கிறது. எல்லாக் கோடுகளும் அழியுமட்டும் தேய்த்தே பயன்படுத்த வேண்டும். கல்லில் விரிசல் இருப்பின் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டா.