கோடிக்காட்டில் நடைவழி

நமது ஆரணி நண்பர் சிலர் சென்ற மார்கழியில் தறிக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் கோடியக்கரை சென்று திரும்பினர். மோட்டாரில் ஒரு சுற்றுச் சுற்றிவந்ததாகவும், மான் தூரத்தில் ஓடியதாகவும், புழுதி மட்டும் மிஞ்சியதாகவும் குறைப்படுகின்றனர். அக்குறை நியாயமானதென்றே நமக்குப் படுகின்றது.

ஆரணியென்னும் பெயர் ஆரண்யத்திலிருந்து வந்ததென்பாருண்டு; ஆறு அணிசெய்வதால் வந்ததென்பாருமுண்டு. எதுவாயினும் நம்மூர்த் தெருக்களில் இன்று ஆரண்யமில்லை. வேதாரணியத்திலோ பெயரோடு காடும் இருக்கின்றது. கிழக்கே வங்கக்கடலும் தெற்கே பாக் ஜலசந்தியும் சூழ்ந்த அம்முனை 1967-ல் சரணாலயமாயிற்று. பாலையும் உகாவும் நாவலும் செறிந்த உலர்நிலப் பசுங்காடு அது. திறந்த புல்வெளியில் வெளிமான்கள் மேய்கின்றன, மட்டக்குதிரைகள் திரிகின்றன, குளிர்காலத்தில் சதுப்பில் பூநாரைகள் வந்திறங்குகின்றன. காட்டில் மிக உயர்ந்த இடமான இராமர் பாதமே ஒரு சிறு மணல்மேடுதான்! வயோதிகரும் நடந்து காணத்தக்க காட்டை வண்டியில் விரைந்து கடப்பானேன்?

அப்பிரதேசத்துக்கு நடந்து செல்வது நம் தேசத்துக்குப் புதிதன்று. 1930 ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் சுமார் நூறு தொண்டர்களுடன் புறப்பட்டு, ஏறக்குறைய 150 மைல் நடந்து 28-ந் தேதி வேதாரணியம் சேர்ந்தார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ அளிப்போருக்குச் சிறைவாசம் கிடைக்குமென்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் எதிர்த்து வாதாடவில்லை. சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டு அப்பாற் சென்றனர். கொடுத்தவர் யாரென்று மரம் சாட்சி சொல்லுமா? 30-ந் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுக்கப்பட்டது.

காட்டுக்குள் யாவரும் நினைத்தபடி புகலாமென்று நாம் வாதிக்கவில்லை. 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தின் 27-வது பிரிவு பிரவேசத்தைக் கட்டுப்படுத்துகின்றது. 28-வது பிரிவோ ஆராய்ச்சிக்கும், படமெடுப்பதற்கும், சுற்றுலாவுக்கும் அனுமதியளிக்க இடந்தருகின்றது. அனுமதி மோட்டாரில் வருவோருக்கு மட்டுமே என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

கால்பட்டுக் காடு கெடுமென்பார் சொல்லையும் தள்ளிவிட முடியாது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் எண்ணற்ற மரங்கள் வீழ்ந்தன. அதற்கு முன்பிருந்தே சீமைக்கருவேலம் புல்வெளியை விழுங்கிவருகின்றது. தரையில் முட்டையிடும் பறவைகளும் உண்டு. ஆகவே வழி குறுகியதாக இருக்கட்டும்; ஒரு வேளைக்குச் சிலரே செல்லட்டும்; இனப்பெருக்க காலத்தில் அடைத்தும் வைக்கட்டும். ஆனால் முன்னே நடப்பவர் கோடியக்காட்டுக் கிராமவாசியாகவே இருக்கவேண்டும். அவருக்குத் தகுந்த கூலியும் வேண்டும். எந்தத் தடம் மானுடையது, எது குதிரையுடையது என்று பலகை பார்க்காமலே சொல்லக்கூடியவர் அவர். பலகை வைத்தே தீரவேண்டுமென்றால், மரங்களின் பெயர்களைத் தமிழில் எழுதி வைக்குமாறு காட்டிலாகாவைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.