ரப்பரை முறுக்கிப் பார்த்துத் தரம் பிரித்தார்கள், தெரியுமா?

மலேசியாவின் புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன் சீவிய பால், கட்டியாகிக் கப்பலேறி எங்கோ டயராகும். அது நல்ல ரப்பரா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வெகுகாலம் கண்ணால்தான்! ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பூஞ்சை உண்டா, குமிழி உண்டா என்று பார்ப்பார்கள். இத்தனை கோடி வியாபாரத்துக்கு அவ்வளவுதான் சோதனை!

1965இல் எஸ்.எம்.ஆர். என்ற மலேசியத் தர ரப்பர் வந்தது. கண்ணின் வேலை ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அங்கே நடந்ததுதான் வேடிக்கை. ரப்பர் எவ்வளவு இறுக்கம் என்று அளக்க ஒரு கருவி இருந்தது; 1934இல் அமெரிக்கர் மெல்வின் மூனி வெளியிட்டது. 100 டிகிரி சூட்டில், ரப்பருக்குள் புதைந்த 38.1 மி.மீ. வட்டத்தட்டு நிமிடத்துக்கு வெறும் 2 சுற்று சுற்றும். ரப்பர் விடாமல் பிடித்து இழுக்கும். அந்த எதிர்ப்பு ஒரு வில்லை வளைக்கும். வளைவுதான் முறுக்குவிசையின் அளவு! 8.3 நியூட்டன் மீட்டர் என்றால் 100 மூனி.

60 மூனி ரப்பரைச் சுழற்ற எவ்வளவு திறன் வேண்டும்? முறுக்குவிசையைச் சுழல்வேகத்தால் பெருக்குங்கள்: 1 வாட்டை ஒட்டி வரும்! அதே முறுக்குவிசையோடு மோட்டார் நிமிடத்துக்கு 1430 சுற்று ஓடினால்? ஒரு முழுக் குதிரைத்திறன், 746 வாட்! முறுக்குவிசை மாறவில்லை, வேகம் மட்டுமே மாறியது.

பெரிய எஞ்சின்களின் திறனை அளக்க அவற்றை இப்படி ரப்பரில் புதைக்க முடியாதே! 1821இல் பிரான்ஸின் பிரோனி, சுழலும் தண்டைக் கட்டைகளால் இறுக்கி, நீண்ட கையில் எடை தொங்கவிட்டு அளந்தார். திறன் முழுக்கச் சூடாகப் போகும்; கட்டை புகையாமல் இருந்தால் சரி. 1877இல் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட் கட்டைக்குப் பதில் தண்ணீரையே பிரேக்காக்கினார்!

நம் கதைக்கு வருவோம். இயற்கை ரப்பருக்கு ஒரு கெட்ட குணம்: கிடங்கில் கிடக்கக் கிடக்க, ஆறிப்போன களிபோல இறுகும். இறுகினால் தொழிற்சாலையில் அதை அரைத்து இளக்கவே மின்சாரம் கரையும். சுங்கை பூலோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 1929இல் பிறந்த பி.சி. சேகர், ஹைட்ராக்சிலமீன் உப்பைச் சிறிதளவு சேர்த்து அந்த இறுகலை நிறுத்திக் காட்டினார். பின்னாளில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்கு முதல் ஆசிய இயக்குநரும் அவரே! இறுகலை நிறுத்தும் அந்த வழியில் பிறந்த எஸ்.எம்.ஆர். ரகம் சி.வி. 60, மூனி 55க்கும் 65க்கும் நடுவில் நின்றாக வேண்டும்.

இன்றைய கருவிகளில் வில் இல்லை, மின் உணரிதான். தட்டு மட்டும் அதே 38.1 மி.மீ., வேகம் அதே 2 சுற்று!