ஆயுள் பதவிக்காரர்கள் எழுதும் நிபந்தனைக் கடிதம்

“ஆயுள் முழுக்கப் பதவி என்கிறீர்கள். பிறகு, நவம்பருக்குள் எத்தனை நீதிபதிகள் விலகுவார்கள் என்று ஏன் கணக்குப் போடுகிறார்கள்?” சில வாரங்களாக வாசகர் கடிதங்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதிகளைப் பற்றியது. 2026 நவம்பர் 3 அங்கே இடைக்காலத் தேர்தல். செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 53 இடங்கள், எதிர்த் தரப்புக்கு 47. புதிய செனட் 2027 ஜனவரி 3 அன்று கூடும். அதிபர் முன்மொழியும் நீதிபதிக்கு ஒப்புதல் தருவது செனட் என்பதால், எண்ணிக்கை மாறினால் நீதிபதி நியமனமும் மாறும். காலக்கெடு என்று பேசப்படுவது இதுதான்.

செனட் எப்படி இயங்குகிறது, ஆயுள் பதவி ஏன் தரப்பட்டது என்பதையெல்லாம் பலமுறை எழுதியாகிவிட்டது. அதைத் தாண்டி நேராக நீதிபதியின் பாதைக்கு வருகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் மேலத்திருவேங்கடநாதபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்ரீ ஸ்ரீநிவாசனின் பாதை ஏறக்குறைய பாடநூல் மாதிரி. பிறந்தது சண்டிகரில், 1967 பிப்ரவரியில். தந்தை கன்சாஸ் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் என்பதால் வளர்ந்தது கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில். ஸ்டான்ஃபோர்டில் சட்டம் படித்தார். முதலில் ஒரு மேல்முறையீட்டு நீதிபதியிடம், அடுத்து உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானரிடம் சட்ட உதவியாளர். பிறகு உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம், பெரிய தனியார் சட்ட நிறுவனம், மறுபடியும் அரசு. 2013 மே மாதம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 97–0 என்ற வாக்கில் தேர்வானார். தெற்காசிய வம்சாவளியிலிருந்து இந்த அடுக்குக்கு வந்த முதல் நீதிபதி அவர்தான்.

இன்றைக்கு 97–0 நினைத்துப் பார்க்க முடியாத எண். டிரம்ப்பின் சொந்த வழக்கறிஞராக இருந்து அரசின் நீதி அமைச்சகத்துக்கு வந்த எமில் போவி, 2025 ஜூலையில் 50–49 என்று தப்பித்து மூன்றாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்தார். 2013 வரை எதிர்க்கட்சி நினைத்தால் 60 வாக்கு தேவைப்படும்படி ஒரு நியமனத்தை இழுத்தடிக்க முடிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஜனநாயகக் கட்சியே அந்த விதியை மாற்றியது. அதன் பலனைப் பின்னர் இரு கட்சிகளும் அனுபவித்தன. டிரம்ப் முதல் ஆட்சியில் 54 மேல்முறையீட்டு நீதிபதிகளையும், பைடன் தன் நான்கு ஆண்டுகளில் 45 பேரையும் நியமித்தார்கள். மொத்தம் இருப்பதே 179 இடங்கள்.

இந்த இடங்களுக்கு ஏன் இவ்வளவு போட்டி? உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு அறுபது வழக்குகள் அளவில்தான் முழுமையாக விசாரித்துத் தீர்ப்பு சொல்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு வருபவை சுமார் 40,000. ஆக, அமெரிக்கக் குடிமகனுக்குக் கிடைக்கும் கடைசித் தீர்ப்பு பெரும்பாலும் இங்கேதான்.

இளம் வயதிலேயே ஆளைப் பிடித்து உட்காரவைக்கும் வழக்கமும் வளர்ந்திருக்கிறது. நான்காம் சர்க்யூட்டுக்கு 2019-இல் வந்தபோது அலிசன் ரஷிங்குக்கு வயது 36. நம் உயர் நீதிமன்ற நீதிபதி 62-இல் வீட்டுக்குப் போக வேண்டும். ரஷிங் நினைத்தால் 2060-களிலும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கலாம்.

நுழைவதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. வெளியேறும் வழியைப் பற்றித்தான் போதுமான அளவுக்கு யாரும் எழுதுவதில்லை. எனக்குச் சுவாரசியமாகவும் சங்கடமாகவும் படுவது அந்த வழிதான்.

நீதிபதி ராஜினாமா செய்யலாம், இறக்கலாம், பதவி நீக்கம் செய்யப்படலாம். இவற்றைத் தவிர 1919-இல் உருவான இன்னொரு வழி இருக்கிறது. அதன் பெயர் சீனியர் நிலை. அரசுத் தரப்பு விளக்கத்தின்படி, இது அனுபவசாலிகளின் உழைப்பை நாட்டுக்குத் தொடர்ந்து கிடைக்கச் செய்யும் ஏற்பாடு. பொய்யில்லை. கூட்டாட்சி வழக்குச் சுமையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைச் சீனியர் நீதிபதிகள் தூக்குகிறார்கள். ஆனால் விளக்கத்தில் வராத ஒன்று, யார் தன் இடத்தை நிரப்புவார் என்பதில் நீதிபதிக்கே ஒரு பிடி இதன் மூலம் கிடைக்கிறது என்பது.

கணக்கு எளிது. வயதும் பணி ஆண்டும் சேர்ந்து 80 வர வேண்டும். 65 வயதானால் 15 ஆண்டு, 66 ஆனால் 14, இப்படியே இறங்கி 70 வயதுக்கு 10 ஆண்டு. 65-க்கு முன்னால் கிடையாது, 10 ஆண்டுக்குக் குறைந்தாலும் கிடையாது. இந்தக் கணக்கு நிறைந்த நீதிபதி, முழுச் சம்பளத்தோடு வழக்கமான பணியிலிருந்து ஒதுங்கலாம். 2025-இல் அந்தச் சம்பளம் ஆண்டுக்கு 2,62,300 டாலர். ஒதுங்கிய பின்பும் பதவி அவருடையதுதான். அறையும் இருக்கும், உதவியாளர்களும் இருப்பார்கள். ஒரு நீதிபதி மூன்று மாதத்தில் செய்யும் அளவு வேலையை ஓர் ஆண்டில் செய்தால், சம்பள உயர்வும் சேர்ந்து வரும். இழப்பது சில அதிகாரங்களை மட்டும். தலைமை நீதிபதி ஆக முடியாது. மூவர் அமர்வின் தீர்ப்பை முழு நீதிமன்றமும் மறுபடி எடுத்து விசாரிக்கும்போது, அந்த மூவரில் ஒருவராக இருந்திருந்தாலொழிய, வாக்குப் பொதுவாகக் கிடையாது. மிக முக்கியமாக, அவர் ஒதுங்கிய கணமே அவரது இருக்கை காலியாகிறது. அதிபர் புதியவரை நியமிக்கலாம்.

அதாவது, கணக்கு நிறைந்த பிறகும் முழுப் பணியில் தொடரும் நீதிபதி காசுக்காக உட்கார்ந்திருக்கவில்லை. ஒதுங்கினாலும் அதே சம்பளம்தான். அப்படியானால் எதற்காகக் காத்திருக்கிறார்? சிலர் வேலைமீதுள்ள ஆசையால். சிலர், தங்களுக்குப் பிடித்த அதிபர் வரட்டும் என்று.

இங்கேதான் கடிதம் வருகிறது. ஒதுங்க விரும்பும் நீதிபதி அதிபருக்கு எழுத வேண்டும். “இன்ன தேதியில் ஒதுங்குகிறேன்” என்று எழுதலாம். அல்லது, “எனக்குப் பின் வருபவரைச் செனட் உறுதி செய்ததும் ஒதுங்குகிறேன்” என்று எழுதலாம். இரண்டாவது வகை இப்போது சர்வசாதாரணம். இருக்கை காலியாகக் கிடந்தால் சக நீதிபதிகளின் தலையில் சுமை ஏறும், அதைத் தவிர்க்கத்தான் என்பது சொல்லப்படும் காரணம். ஆனால் நிபந்தனை நிறைவேறும்வரை அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தின் முன் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. எழுதியவரே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த இடம் மாதிரி: பிடித்தவர் ஏறினால் கொடுப்பேன், வேறு யாராவது ஏறினால் துண்டை எடுத்துவிட்டு நானே உட்கார்ந்துகொள்வேன்.

2024-இல் அப்படியே நடந்தது. நான்காம் சர்க்யூட் நீதிபதி ஜேம்ஸ் வின், ஒபாமா நியமித்தவர். பைடனுக்கு நிபந்தனைக் கடிதம் கொடுத்தார். வட கரோலைனாவின் சொலிசிட்டர் ஜெனரல் ரயன் பார்க் அவர் இடத்துக்கு முன்மொழியப்பட்டார். நவம்பரில் டிரம்ப் வென்றார். செனட்டில் இரு கட்சிகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன: மாவட்ட நீதிபதிகள் பலருக்கு வாக்கெடுப்பு நடக்கும், அதற்குப் பதில் மேல்முறையீட்டு நியமனங்கள் நான்கு கைவிடப்படும். பார்க் அந்த நால்வரில் ஒருவர். டிசம்பரில் வின் சில வரிகளில் பைடனுக்கு எழுதி, தான் முழுப் பணியிலேயே தொடர்வதாகச் சொல்லிவிட்டார். அந்த மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் தாம் டில்லிஸ் கடுமையாகக் கண்டித்தார். அதே வாரங்களில் இரண்டு மாவட்ட நீதிபதிகளும் தங்கள் கடிதங்களைத் திரும்பப் பெற்றார்கள்.

சுமைதான் கவலை என்றால், டிரம்ப் நியமிப்பவரும் அந்தச் சுமையைத் தூக்கியிருப்பாரே! செனட்டில் அவருக்குப் பெரும்பான்மையும் இருந்தது, இருக்கை நெடுநாள் காலியாகக் கிடந்திருக்காது. சொல்லப்படும் காரணத்தை இந்த ஒரு கேள்வி கவிழ்த்துவிடுகிறது.

இதை ஒரு கட்சியின் தந்திரம் என்று எழுதி எனக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம். ஏழாம் சர்க்யூட்டின் மைக்கேல் கேனி ரீகன் நியமித்தவர். 2018-இல் ஒதுங்குவதாக அறிவித்தார். தன்னிடம் முன்பு சட்ட உதவியாளராக இருந்த ஒருவர் அந்த இடத்துக்கு வருவார் என்பது அவர் எதிர்பார்ப்பு. அது நடக்காது என்று தெரிந்ததும் முடிவை மாற்றிக்கொண்டார். கட்சி மாறவில்லை, அதிபர் மாறவில்லை, ஆள் மட்டும்தான் மாறினார். எனக்கு வின் செய்ததைவிட இது இன்னும் உறுத்தலாகப் படுகிறது.

எல்லோரும் இப்படிச் செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கைவிடப்பட்ட நான்கு இடங்களில் ஒன்று ஆறாம் சர்க்யூட்டில் ஜேன் ஸ்டிரான்ச்சுடையது. அவரும் ஒபாமா நியமித்தவரே. அவர் பின்வாங்கவில்லை, ஒதுங்கினார். அந்த இருக்கையில் 2025 ஜூலையில் 46–42 வாக்கில் வந்து அமர்ந்தவர் விட்னி ஹெர்மன்டோர்ஃபர். டிரம்ப்பின் இரண்டாம் ஆட்சியில் செனட் உறுதி செய்த முதல் நீதிபதி அவர்.

கடிதமே எழுதாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்பதாம் சர்க்யூட்டின் ஸ்டீபன் ரைன்ஹார்ட் உதாரணம். கார்ட்டர் காலத்து நியமனம், தாராளவாதத் தரப்பின் பெருந்தலை. ஒபாமாவின் எட்டு ஆண்டுகளிலும் ஒதுங்க மறுத்தார். 2018 மார்ச் 29 அன்று, 87 வயதில், பணியிலேயே இறந்தார். அந்த இடத்துக்கு டிரம்ப் நியமித்த கென்னத் லீ வந்தார். கதை அத்தோடு முடியவில்லை. பெண்களின் சம்பள ஏற்றத்தாழ்வு பற்றிய ஒரு வழக்கில் அவர் எழுதிவைத்த தீர்ப்பு, அவர் இறந்து 11 நாள் கழித்து வெளியானது. அவர் வாக்கையும் எண்ணித்தான் அதற்குப் பெரும்பான்மை கிடைத்தது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதிகள் நியமிக்கப்படுவது ஆயுளுக்குத்தான், என்றென்றைக்குமாக அல்ல என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நீதிமன்ற நகைச்சுவையில் இது உயர்ந்த ரகம்.

சட்டப்படி இதெல்லாம் சரிதானா? பதவியையும் விடாமல் இருக்கையையும் காலி செய்யும் இந்த ஏற்பாட்டின் சில அம்சங்கள் அரசமைப்போடு பொருந்துமா என்று 2007-இல் இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் கேள்வி எழுப்பினார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் ஸ்ட்ராஸ் இப்போது எட்டாம் சர்க்யூட்டில் மேல்முறையீட்டு நீதிபதி. அவருடைய 80 நிறையும்போது என்ன செய்வார் என்று பார்க்க எனக்கு ஆவல்.

அரசியலில் ஈடுபடக் கூடாது என்று நீதிபதிகளுக்கான நன்னடத்தை விதிகள் சொல்கின்றன. கட்சிக்கு நன்கொடை தரக் கூடாது, வேட்பாளரை ஆதரித்துப் பேசக் கூடாது. தேர்தல் முடிவைப் பார்த்துவிட்டுத் தன் ஓய்வுக் கடிதத்தைத் திருப்பி வாங்குவது மட்டும் எந்தக் கணக்கில் சேரும்? ஒபாமா நீதிபதி, டிரம்ப் நீதிபதி என்றெல்லாம் யாரும் இல்லை என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 2018-இல் அறிக்கை விட்டார். நீதிபதிகளே தங்கள் கடிதங்களில் வேறு மாதிரி எழுதுகிறார்கள். ஆயுள் பதவியை மாற்ற அரசமைப்பைத் திருத்த வேண்டும், அது நடக்கிற காரியமில்லை. ஆனால் கொடுத்த கடிதம் கொடுத்ததுதான், திரும்பப் பெற முடியாது என்று ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்க நாடாளுமன்றம் இயற்றும் சாதாரணச் சட்டமே போதும். இரு கட்சிக்கும் இந்தத் தந்திரம் உதவுவதால்தான் அந்த வரி எழுதப்படாமல் இருக்கிறது என்பது என் கணிப்பு.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

நீதிபதியாக வயது வரம்பு, சட்டப் பட்டம்? அரசமைப்பு இரண்டையுமே கேட்கவில்லை.

பதவி நீக்கம்? இதுவரை 15 கூட்டாட்சி நீதிபதிகள் மீது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியிருக்கிறது, செனட் நீக்கியது எட்டுப் பேரை.

மிக முதிர்ந்த நீதிபதியை என்ன செய்வார்கள்? 1927-இல் பிறந்த மேல்முறையீட்டு நீதிபதி பாலின் நியூமன் ஒதுங்க மறுக்கிறார். 2023 முதல் அவருக்கு வழக்கு ஒதுக்குவதைச் சக நீதிபதிகள் நிறுத்திவைத்தார்கள். பதவி இருக்கிறது, வேலை இல்லை.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி தேர்வு? தேர்தல் கிடையாது. 65 வயதுக்குட்பட்டவர்களில் பணி மூப்பு உள்ளவர், ஏழு ஆண்டுக்கு. ஸ்ரீநிவாசன் 2020 பிப்ரவரியில் ஆனார்.

இங்கிருந்து உச்ச நீதிமன்றம் போகலாமா? 2022-இல் அமைந்த ஒன்பது பேரில் எலீனா கேகன் தவிர எட்டுப் பேரும் இந்த அடுக்கிலிருந்து போனவர்கள்.

ஸ்ரீநிவாசன் எப்போது ஒதுங்கலாம்? 2032 பிப்ரவரியில் 65 ஆகும்போது.

இனி வரும் வாரங்களில் “இன்ன நீதிபதி ஓய்வு” என்று செய்தி வந்தால், கடிதத்தில் தேதி இருக்கிறதா, நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். நிபந்தனை இருந்தால், அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை.