மக்கும் நிலப்போர்வை: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

தக்காளி, மிளகாய், தர்ப்பூசணி போன்ற பயிர்களுக்கு மேட்டுப்பாத்தி அமைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை நிலப்போர்வையாக விரிக்கும் முறை பரவலாகி விட்டது. இதனால் களை குறைகிறது. மண்ணின் ஈரம் காக்கப்படுகிறது. காய்கள் மண்ணில் படாமல் சுத்தமாக இருக்கின்றன. ஆனால் அறுவடைக்குப் பின் தாளை அகற்றுவதுதான் சிரமம். வெயிலில் நைந்த தாள் கிழிந்து, துண்டு துண்டாக மண்ணில் தங்கி விடுகிறது.

25 மைக்ரான் கனமுள்ள பாலித்தீன் தாள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 23 கிராம் எடை இருக்கும். ஓர் ஏக்கரில் 60 சதவீதப் பரப்பை மூடினால் சுமார் 55 கிலோ தாள் செலவாகும். அதில் பத்தில் ஒரு பங்கு மண்ணில் தங்கினாலும், ஆண்டுக்கு இரு பயிர் வீதம் பத்தாண்டுகளில் 110 கிலோ சேர்ந்து விடும். இத்துண்டுகள் வேர் ஓட்டத்தையும் நீர் இறங்குவதையும் தடுக்கின்றன. சீனாவில் மிக மெல்லிய தாள்களால் இத்தொல்லை பெருகியது. தாளைக் கிழியாமல் சுருட்டி எடுக்க வேண்டும் என்பதற்காக, அங்கு 2018ல் குறைந்தபட்ச கனம் 8 மைக்ரானிலிருந்து 10 மைக்ரானாக உயர்த்தப்பட்டது.

இதற்கு மாற்றாகவே மக்கும் பிளாஸ்டிக் தாள்கள் வந்துள்ளன. இவற்றின் விலை பாலித்தீனை விடக் கூடுதல். எனினும் அகற்றும் கூலி மிச்சமாகும்.

மூன்று வகைகள்

‘மக்கும்’ என்ற பெயரில் வருபவை எல்லாம் ஒன்றல்ல.

முதல் வகை, சாதாரணப் பாலித்தீனில் இரசாயனம் சேர்த்து, வெயில் பட்டதும் நொறுங்கும்படி செய்யப்படுவது. இது மக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உதிர்கிறது. ஐரோப்பிய நாடுகளில் 2021 ஜூலை முதல் இவ்வகைப் பொருள்களை விற்கத் தடை உள்ளது.

இரண்டாவது, உர ஆலைகளில் மட்டும் மக்குவது. குவியலில் 60 டிகிரி அளவு வெப்பம் ஏறினால்தான் இது விரைவில் சிதையும். வயல் மண்ணில் அவ்வளவு சூடு கிடையாது.

மூன்றாவது, வயல் மண்ணிலேயே மக்குவது. இதற்கென 2018ல் வந்த ஐரோப்பியத் தர விதியின் எண் இ.என். 17033. அதன்படி, 25 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஆய்வுக்கூட மண்ணில் வைத்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் தாளின் கரியில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். நல்ல தாளும் ஒரே பருவத்தில் மறைந்து விடாது என்பது இதிலிருந்து விளங்கும். ஈரமில்லாத தரிசு நிலத்தில் இன்னும் தாமதமாகும்.

பயிருக்கு என்ன ஆகும்?

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மணல் கலந்த மண்ணில் பிளாஸ்டிக் துண்டுகளையும் துகள்களையும் கலந்து கோதுமை வளர்த்துப் பார்த்தனர். 2018ல் வெளியான முடிவின்படி, பாலித்தீனை விட, மாவுச்சத்து கலந்த மக்கும் தாளே பயிரின் வளர்ச்சியை அதிகம் பாதித்தது. மண்புழுக்கள் விடப்பட்ட தொட்டிகளில் பாதிப்பு தணிந்தது. ஆனால் அங்கு சேர்க்கப்பட்ட பிளாஸ்டிக், மண் எடையில் 1 சதவீதம். ஓர் ஏக்கரின் அரை அடி மேல்மண்ணுக்குக் கணக்கிட்டால் அது 8 டன்னுக்கு மேல். ஒரு பயிருக்கு விரிக்கும் தாளைப் போல் சுமார் 150 மடங்கு. ஆகவே இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் தாள் சேர்ந்துகொண்டே போகக் கூடாது என்பதற்கு இது எச்சரிக்கை.

மற்றொன்று தழைச்சத்து. தாளைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சத்துக் குறைந்த மண்ணில் அடுத்த பயிரின் இலை வெளிறக்கூடும். தாளை உழுதுவிடும்போது நன்கு மக்கிய தொழு உரம் இடுவது நலம்.

செய்ய வேண்டியவை

* வாங்கும்போது ‘மண்ணில் மக்கும்’ என்பதற்கான தர எண்ணைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்க வேண்டும். ‘உரமாக மக்கும்’ என்ற சான்று மட்டும் போதாது.

* முதலில் ஒரு பாரில் மட்டும் விரித்துப் பார்க்கலாம். அல்லது ஒரு சாண் துண்டை நைலான் வலைப் பையில் இட்டு, அரை அடி ஆழத்தில் புதைத்து, 3, 6, 12 மாதங்களில் எடுத்துப் பார்க்க வேண்டும். துண்டு அப்படியே இருந்தால் அத்தாளைத் தவிர்க்க வேண்டும்.

* மெல்லிய தாளைக் கோரைக் களை குத்திக்கொண்டு வெளிவரும். கோரை மிகுந்த நிலத்தில் அதை ஒழித்த பின்பே தாள் விரிக்க வேண்டும்.

* உழுமுன் சொட்டுநீர்க் குழாய்களையும் பிளாஸ்டிக் கயிறுகளையும் அகற்ற வேண்டும். அவை மக்காதவை.

* பாலித்தீன் தாள் உபயோகிப்பவர்கள், அது நைந்துபோகுமுன் சுருட்டி எடுக்க வேண்டும். வயலில் எரிக்கக் கூடாது.

வைக்கோலோ கரும்புச் சோகையோ அருகில் கிடைப்பவர்களுக்குத் தாளே தேவையில்லை. மூன்று நான்கு அங்குல கனத்தில் பரப்பினால் களையும் அடங்கும், ஈரமும் நிற்கும். மக்கினால் மண்ணுக்கு உரமும் ஆகும்.