எயிற்பட்டினம் முதல் காஞ்சி வரை: பாணர்கள் சாப்பிட்ட வழி

தொண்டை மண்டலக் கடற்கரையில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வழிப்போக்கருக்குச் சொல்லும் நூல்களில் மிகப் பழையவை சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும். இரண்டும் பத்துப்பாட்டில் அடங்கியவை. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889-இல் அச்சிட்டார். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனை எதிரில் கண்டு, தான் போய்வந்த வழியையும் வள்ளலின் ஊரையும் சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. கேட்பவன் பசித்தவன். ஆகவே வழியில் எங்கே யார் சோறு போடுவார்கள் என்பதுதான் அவனுக்கு முதலில் வேண்டிய செய்தி. புலவர்களும் அதை ஊர் ஊராக, பதார்த்தம் பதார்த்தமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் கடற்கரைக்காரர். அவருடைய ஊர் இடைக்கழி நாட்டு நல்லூர். செய்யூர்ப் பக்கத்தில் அந்தப் பகுதி இன்றும் இடைக்கழிநாடு என்றே வழங்குகிறது. அவர் காட்டும் வழி, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் கிடங்கிலுக்கு, அதாவது இன்றைய திண்டிவனத்துக்குப் போகிறது. அதன் முதல் நிறுத்தம் எயிற்பட்டினம். இதை மரக்காணத்தோடு ஆய்வாளர்கள் பொருத்துகிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பு, கரையோரமாகப் பாய் விரித்துப் போகும் உள்நாட்டுக் கலங்கள் தங்கும் துறைகளாகக் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்றைச் சொல்கிறது. அவற்றில் சோபட்மா இந்த ஊர்தான் என்று கருதுவோர் உண்டு.

எயிற்பட்டினத்தில் விருந்து வைப்பவர்கள் மீனவர்களான பரதவர். அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைகளே அங்கே விறகு. கரையில் அவை கிடக்கும் தோற்றத்தைத் தூங்கும் ஒட்டகங்களுக்கு ஒப்பிடுகிறார் புலவர். நுளைமகள் அந்த விறகில் அடுப்பு மூட்டிக் காய்ச்சிய தேறலைப் பரதவர் ஊற்றித் தருவார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட உலர்ந்த குழல் மீன். உள்ளே போனால் வேலூர். (இது பாலாற்றங்கரை வேலூர் அன்று, ஓய்மா நாட்டு ஊர்.) அங்கே வேட்டுவப் பெண்களான எயிற்றியர் சமைத்த சூடான புளிச்சோறும், சுட்ட காட்டுப்பசு இறைச்சியும் கிடைக்கும். வயல் சூழ்ந்த ஆமூரில் உலக்கையால் குற்றித் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறும் நண்டும் கிடைக்கும். கடல், காடு, வயல் என்று நிலம் மாற மாற இலையில் விழுவதும் மாறிவிடுகிறது. ஊருக்கு ஒரு உணவு, அதுவும் அந்த மண்ணில் கிடைப்பதே.

கிடங்கிலில் மன்னன் அளிக்கும் விருந்து, பீமன் எழுதியதாக வழங்கிய சமையல் நூலிலிருந்து வழுவாமல் ஆக்கப்பட்டது என்கிறது பாட்டு. சமையலுக்கு ஏட்டில் எழுதிய நூல் இருந்தது என்ற எண்ணமே அக்காலத்தில் பழகிப்போன ஒன்றாக இருந்திருக்கிறது. அதற்கு நேர் எதிரே பாணனின் சொந்த அடுக்களையையும் நத்தத்தனார் காட்டுகிறார். சுவரில் காளான் பூத்திருக்கிறது. கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் குரைக்கிறது. மனைவி நகத்தால் கிள்ளி வந்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். இதைப் படித்தபின் எயிற்பட்டினத்துக் குழல் மீனின் அருமை தனியே விளங்கும்.

காஞ்சிக்கு நேரே கொண்டுபோவது பெரும்பாணாற்றுப்படை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன், நீளம் 500 அடி. வழி உள்நாட்டில் தொடங்கிக் கடலைத் தொட்டுக் காஞ்சிக்குத் திரும்புகிறது. உப்பு வணிகரின் வண்டி வரிசையையும், மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகளையும் கடந்தால் முதலில் வேட்டுவரான எயினரின் குடிசைகள். எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியைப் பெண்கள் மண்ணைக் கிளறி எடுக்கிறார்கள். நிலத்திலேயே குழித்த உரலில் குற்றுகிறார்கள். உவர்க் கிணற்று நீர் ஊற்றிச் சமைத்து, உப்புக்கண்டத்தோடு தேக்கிலையில் வைத்துத் தருகிறார்கள். இவ்வளவு ஏழ்மையிலும் வந்தவருக்கு இலை போடப்படுகிறது. எயினரின் அரணில் மேட்டு நிலத்து நெல்லின் சிவந்த சோறும், நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியலும் உண்டு.

ஆயர் குடியில் பாலும் தினைச்சோறும். அந்தத் தினைப் பருக்கை நண்டுக் குஞ்சைப் போல இருக்கும் என்கிறார் புலவர். கடற்கரை தெரிந்தவருக்குத்தான் இந்த உவமை வாய்க்கும். முல்லை நிலத்துச் சிற்றூரில் வரகுச் சோற்றோடு அவரைப் பருப்பு. மருதத்தில் வெண்ணெல் சோறும் வீட்டில் வளர்த்த கோழியின் வாட்டும். கரும்பாலையில் சாறு வேண்டிய மட்டும் குடிக்கலாம்.

அடுத்து வரும் வலைஞர் குடியிருப்பில் உருத்திரங்கண்ணனார் செய்முறையே சொல்லிவிடுகிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட வேண்டும். நெல்முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருக்க வேண்டும். பிறகு வாய் உறுதியான சாடியில் முதிரவிட்டு, வெந்நீர் விட்டு விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்க வேண்டும். முளைவிட்ட தானியத்தால் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி நொதிக்க வைக்கும் முறை இது. அடிப்படையில் இன்று உலகெங்கும் பார்லியிலிருந்து பீர் காய்ச்சும் முறையும் இதுவே. நடந்து தளர்ந்தவருக்கு இந்த நறும்பிழியோடு சுட்ட மீனும் கிடைக்கும்.

அந்தணர் வீடுகளில் பந்தல் காலில் கன்று கட்டியிருக்கும். கோழியும் நாயும் அண்டாத அந்த வீடுகளில் கிளிக்கு வேதம் கற்றுக்கொடுப்பார்களாம். அங்கே உயர்ந்த நெல்லின் சோறு. அதற்கு, பசுமோரில் எடுத்த வெண்ணெயில் வெந்த மாதுளம் பிஞ்சு, மேலே மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும். கூடவே மாவடு ஊறுகாய். மிளகாய் இல்லை, இருக்கவும் முடியாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்; போர்ச்சுகீசியர் வந்தபின், 16-ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவில் பரவியது. அதற்கு முன்பு தமிழ்நாட்டுச் சமையலில் காரத்துக்கு முதன்மையாக மிளகே.

பிறகு வருவது நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம். வழி முழுவதிலும் இதுவே தனித்து நிற்கும் இடம். வெண்பிடரிக் குதிரைகளையும் வடநாட்டுப் பொருள்களையும் இறக்கிய நாவாய்கள் கரையில் சூழ்ந்து நிற்கின்றன. ஏணி சாத்தி ஏற வேண்டிய, கூரை வேயாத உயர்ந்த மாடத்தில் இரவில் தீ எரிகிறது. நடுக்கடலில் ஓடும் கலங்களைத் துறைக்கு அழைக்கும் கலங்கரை விளக்கம் அது. மற்ற ஊர்களில் விருந்து வைப்பது வீடுகள். இங்கே மட்டும் கள் காய்ச்சுவதையே தொழிலாகக் கொண்ட மகளிர் வருகிறார்கள். அவர்கள் வட்டில் கழுவி ஊற்றிய நீர் தேங்கிச் சேறாகிற அளவுக்கு வியாபாரம். அந்தச் சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. ஆனால் விருந்தினருக்கு வரும் இறைச்சி அந்தப் பன்றிகளுடையது அன்று. பெண்பன்றியோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்மாவு கொடுத்துப் பல நாள் கொழுக்க வைத்த ஆண்பன்றியின் நிணம் மிக்க துண்டம். கூடவே களிப்பு மிகுந்த கள்.

கப்பல்காரர்கள் வந்து இறங்கும் ஊரில்தான் உணவகம் போன்ற ஒன்று உருவாகிறது. காத்திருந்து கொழுக்க வைத்த இறைச்சிக்கு நாள்தோறும் ஆள் வரவேண்டும். சொந்த அடுப்பில்லாத மாலுமிகளும் வணிகர்களும் அந்தக் கூட்டத்தைத் தந்தார்கள். இதே புலவர் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும்போது, மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை நிறைந்த முற்றத்தில் கள் விற்கும் கொடி பறப்பதையும் காட்டுகிறார்.

நீர்ப்பெயற்று எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மாமல்லபுரம் என்பது ஒரு கருத்து. பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரம் என்பது இன்னொன்று. வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-இல் அகழ்ந்தபோது உறைகிணறுகளும், மத்தியதரைக் கடல் பக்கத்து ஆம்போரா சாடித் துண்டுகளும் கிடைத்தன. ஆம்போரா என்பது திராட்சை மதுவும் எண்ணெயும் அடைத்துக் கப்பலில் ஏற்றிய கூர்அடிச் சாடி. நெல்முளைக் கள்ளும் யவனர் மதுவும் ஒரே கரையில் பருகப்பட்ட காலம் அது.

துறைமுகத்தை விட்டால் தோப்புகள். பலா, இளநீர், வாழைப்பழம், நுங்கு என்று இனிப்பாகவே தின்று தெவிட்டினால், முற்றிய சேப்பங்கிழங்கு தருவார்கள். இனிப்புக்கு மாற்றாகக் கிழங்கைச் சொன்ன இடத்தில் உருத்திரங்கண்ணனார் நல்ல சாப்பாட்டு ரசிகர் என்பது உறுதியாகிறது. திருவெஃகாவில் பாம்பணைப் பள்ளிகொண்டவனை வணங்கிக் காஞ்சிக்குள் நுழைந்தால் இளந்திரையனின் அரண்மனை. கைதேர்ந்த சமையற்காரன் ஆக்கிய பலவகை இறைச்சி, பொறுக்கியெடுத்த செந்நெல் அரிசிச் சோறு, விண்மீன்கள் பூத்தாற்போல் பரப்பிய வெள்ளிக் கலங்கள். மன்னன் பக்கத்தில் நின்று, பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் ஒவ்வொருவரையும் பார்த்துப் பரிமாறச் செய்கிறான்.

பாணர் நடந்த இந்தக் கடற்கரையில் நீர்வழிப் பயணம் மிக அண்மைக் காலம் வரை இருந்தது. சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், வடக்கே ஆந்திரக் கரைக்கும் தெற்கே மரக்காணத்துக்கும் நீண்டது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதி, 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு வந்தது. சோற்றுக்காக மண் சுமந்தவர்கள் வெட்டிய வாய்க்கால் அது. பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையிலிருந்து கயிறு கட்டி ஆட்கள் இழுத்தும் படகுகள் உப்பும் விறகும் கொண்டுபோயின. பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ அந்தப் படகில் போன பயணத்தைப் பற்றியது. படகை இழுத்தவர்களின் உழைப்பை அவர் மறக்காமல் பாடியிருக்கிறார். எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்றால், கால்வாயின் தென்முனையும் சிறுபாணர் வழியின் முதல் ஊரும் ஒன்றே.

இன்று அந்தக் கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனைக் கண்ணெதிரே காட்டிச் சுட்டும் பொரித்தும் தரும் கடைகள் உண்டு. சித்திரை, வைகாசியில் சாலையோரப் பனை நிழலில் நுங்கு சீவித் தருகிறார்கள். மாமல்லபுரத்திலிருந்து மேற்கே சுமார் 65 கி.மீ. போனால் காஞ்சிபுரம். பட்டுச்சேலை எடுக்க வரும் கூட்டம் தேடிச் சாப்பிடும் காஞ்சிபுரம் இட்லி, வரதராசப் பெருமாள் கோயில் பிரசாதமான குடலை இட்லியின் வழிவந்தது. மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து மாவை ஊற்றி, நீராவியில் நெடுநேரம் வேகவைப்பார்கள். வெந்ததும் வட்டமாக நறுக்குவார்கள். அதில் சேர்பவை மிளகு, சீரகம், சுக்கு, கறிவேப்பிலை, நெய். பச்சை மிளகாயோ காய்ந்த மிளகாயோ இன்றும் கோயிலின் குடலை இட்லியில் சேர்வதில்லை.